விண்ணை நோக்கிக் கடலுள் இறங்கியவர்
(ஆர்தர் சி. கிளார்க் வாழ்க்கை வரலாறு)

பழைய மாணவர் ஒருவர், தமிழாசிரியர், கலேவெல

நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவிலே பிறந்தும் கடலைக் காணாது வளரும் பிள்ளைகள் நம் நாட்டில் மிகப் பலர். நாம் இன்று ஆசிரியப் பணி புரியும் கலேவெல, மாத்தளை மாவட்டத்தின் வடமேற்கு எல்லையை அடுத்துள்ள ஊர். வயலும் குளமும் சந்தையும் இவ்வூர்ப் பிள்ளைகள் நன்கறிந்தவை. நீந்தப் பழகியவர் தேவஹுவ குளத்திலே பழகியவர். கடலோ நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. ஆயினும் குருநாகலிலிருந்து தம்புள்ளை, ஹபறணை வழியாகத் திருகோணமலைக்குச் செல்லும் பெருவீதி இவ்வூரை ஊடறுத்தே செல்கின்றது. கோணேசர் கோயிலுக்குச் செல்லும் அடியார்களும், நிலாவெளிக் கரைக்கு விடுமுறை கழிக்கச் செல்லும் வெள்ளையரும் எம் பாடசாலைப் பக்கமாகவே நாள்தோறும் விரைகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் மாணவரை அழைத்துக்கொண்டு நாமும் அவ்வழியே திருகோணமலைக்குச் சென்றோம். பிரட்றிக் கோட்டை வாயிலைக் கடந்து, மான்கள் மேயும் வழியே ஏறி, சுவாமிமலை உச்சியில் கோணேசரை வணங்கினோம். இராவணன் வெட்டின் அருகே நின்று திருஞானசம்பந்தர் அருளிய பதிகத்தைப் பாடினோம். பாடி முடித்ததும் கீழே நெடுந்தாழ்வில் அலைமோதும் கடலை எட்டிப் பார்த்த மாணவன் ஒருவன், பறங்கியர் இடித்துத் தள்ளிய பழைய கோயிற் கற்கள் இப்பொழுது எங்கே இருக்கின்றன என்று வினவினான். கடலுள் கிடக்கின்றன என்றோம். அவற்றை எவரேனும் கண்டதுண்டோ என்று மீண்டும் கேட்டான். எமக்கு விடை தெரியவில்லை. பதிகம் முழுவதையும் மனனஞ் செய்து வைத்திருந்த நாம், அம்மலையடியில் என்ன கிடக்கின்றது என்பதை ஒருநாளும் விசாரித்ததில்லை. அன்று அம்மாணவன் முன் நாணி நின்றோம்.

ஊர் திரும்பியதும் அவ்வினாவுக்கு விடை தேடினோம். தேடியபொழுது எம் முன் வந்து நின்றவர் நம் இனத்தவருமல்லர், நம் சமயத்தவருமல்லர். எச்சமயத்தையும் சாராத ஆங்கிலேயர். வானத்தையே தம் வாழ்நாளெல்லாம் எண்ணியவர். அவரே ஆர்தர் சி. கிளார்க். நமது கல்லூரியின் விழா மலரில் அவர் வரலாற்றை எழுதப் புகுந்தமைக்கு அம்மாணவன் வினாவே காரணம்.

பிறப்பும் இளமையும்

கிளார்க் 1917ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் நாள் இங்கிலாந்தின் சமசெற் மாநிலத்தில், மைன்ஹெட் என்னும் கடற்கரைப் பட்டினத்திற் பிறந்தார். பெற்றோர்க்கு அவரே தலைமகன். தந்தையார் முதலாம் உலகப் போரிற் பணியாற்றி மீண்டு, உழவுத்தொழிலை மேற்கொண்டவர். அத்தொழிலும் கைகூடாமல், உடலும் நலிந்து, 1931இல் உயிர் நீத்தார். அப்பொழுது மகனுக்கு வயது பதின்மூன்று. நான்கு பிள்ளைகளையும் வளர்க்கும் பொறுப்பு அன்னையார் மேல் விழுந்தது.

வறுமை அவர் அறிவு வேட்கையைத் தடுக்கவில்லை. தாமே தொலைநோக்கி செய்து சந்திரனின் படத்தை வரைந்தார். அமெரிக்காவிலிருந்து வந்த மலிவான அறிவியற் கதை இதழ்களை விடாது படித்தார். தோன்றன் நகரின் ஹியூயிஷ் பாடசாலையிற் கல்வி முடிந்தபொழுது, பல்கலைக்கழகம் புகப் பொருள் இல்லை. ஆகவே 1936இல் இலண்டன் சென்று, கல்வித் திணைக்களத்தில் ஓய்வூதியக் கணக்குகளைச் சரிபார்க்கும் எழுதுவினைஞரானார். பகலில் கணக்கேடு, மாலையில் விண்வெளிப் பயணம் பற்றிய ஆராய்ச்சி என்றவாறு நாட்கள் கழிந்தன. மனிதன் சந்திரனுக்குச் செல்வான் என்று கூறியவரை உலகம் எள்ளி நகையாடிய காலம் அது. அவ்வெள்ளலைப் பொருட்படுத்தாத சிலர் கூடி அமைத்த பிரித்தானியக் கோளிடைக் கழகத்தில் அவரும் ஓர் உறுப்பினர்.

இரண்டாம் உலகப் போரிலே விமானப்படையிற் சேர்ந்தார். மூடுபனியிலும் விமானங்களைப் பாதுகாப்பாகத் தரையிறக்க உதவும் ராடார்க் கருவியிற் பயிற்சி பெற்றார். போர் முடிந்த 1945ஆம் ஆண்டு ஒக்டோபரில் வானொலித் தொழில் இதழ் ஒன்றில் அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதி சுற்றுமானால், அது பூமி தன்னைத்தான் சுற்றும் வேகத்துக்கு ஈடாகச் சுற்றி, ஓரிடத்தில் அசையாது நிற்பதுபோலத் தோன்றும். அத்தகைய மூன்றினைச் சம தூரத்தில் நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம். இதுவே அக்கட்டுரையின் சாரம். இதற்கு அவர் பெற்ற ஊதியம் பதினைந்து பவுண். உரிமப் பத்திரம் எதுவும் அவர் பெறவில்லை. இருபது ஆண்டுகளுக்குள் அக்கனவு நனவாயிற்று. இன்று அச்சுற்றுப்பாதை அவர் பெயராலேயே கிளார்க் பாதை எனவும் வழங்கப்படுகின்றது.

போரின் பின் இலண்டன் கிங்ஸ் கல்லூரியிற் பயின்று, கணிதத்திலும் பௌதிகத்திலும் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். பதின்பருவத்திற் பொருளின்மையால் மூடப்பட்ட கதவு முப்பது வயதிலே திறந்தது. நூல்கள் பல எழுதிப் புகழும் பொருளும் ஒருங்கே பெற்றார்.

கடல் அழைத்தது

வானையே நினைந்திருந்த இவர் கடலை நாடியது ஏன்? நம் மாணவர் ஊன்றி நோக்கவேண்டிய இடம் இது. விண்வெளிக்குச் செல்பவன் எடையற்றவனாய் மிதப்பான் என்பதைக் கிளார்க் அறிந்திருந்தார். அவ்வநுபவத்தைத் தாமும் பெற விரும்பினார். அக்காலத்தில் விண்ணுக்குச் செல்லும் ஊர்தி இல்லை. ஆனால் நீருள் மூழ்கியவனும் எடையற்றவன் போலவே மிதக்கின்றான் அன்றோ? விண்ணுக்கு வழி இல்லையெனில் கடலுக்கு உண்டு என்று அவர் துணிந்தார். 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திற் சுழியோடப் பழகினார்.

சுழியோடுதல் நம்மவர்க்குப் புதிதன்று. மன்னார்க் கடலில் முத்துக் குளித்தோரும் சங்கு குளித்தோரும் நம் முன்னோரே. கல்லைக் காலிற் பிணைத்துக் கயிற்றைப் பற்றி இறங்கி, ஒரே மூச்சில் சிப்பிகளைப் பொறுக்கி, மூச்சு முட்டுமுன் மேலே வருவர். ஏறத்தாழ ஒரு நிமிடமே அவர்களுக்கு வாய்த்த காலம். 1943இல் பிரான்சு நாட்டின் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும் பொறியியலாளர் எமில் கானியானும் இந்நிலையை மாற்றினர். அழுத்திய காற்றடைத்த உருளையை முதுகிற் சுமந்து, வாயிற் பொருத்திய குழாய் வழியே, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஏற்ப மூச்செடுக்க உதவும் கருவியை அவர்கள் ஆக்கினர். இதனால், ஒரு மூச்சளவே கடலடியில் நின்றவன் அரைமணி, ஒருமணி நேரம் மீனோடு மீனாய் உலாவ முடிந்தது.

எனினும் கடல் தன் கட்டளையைத் தளர்த்துவதில்லை. பத்து மீற்றர் ஆழத்தில் நீரின் அழுத்தம் தரையிலுள்ளதைப்போல் இருமடங்கு, இருபது மீற்றரில் மும்மடங்கு. ஆழத்தில் இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறுபவனின் நுரையீரல் உள்ளிருக்கும் காற்று விரிந்து கிழிந்துவிடும். நெடுநேரம் ஆழத்தில் இருந்தவன் விரைந்து ஏறினால், குருதியிற் கரைந்த நைதரசன் குமிழியிட்டு உடலை முடக்கும். ஆகவே இறங்குவதிலும் ஏறுவதே கற்கவேண்டிய கலை என்பர் சுழியோடிகள். வாழ்க்கைக்கும் இது பொருந்தும்.

இலங்கைக்கு வந்தமை

கடலாட்டத்தில் கிளார்க்கின் உற்ற தோழர் மைக் வில்சன் என்னும் இளைஞர். அச்சமென்பதை அறியாத சுழியோடி, திறமை மிக்க படப்பிடிப்பாளர். அவுஸ்திரேலியாவின் பெரும் பவளப் பாறைத்தொடரைக் காண விரும்பிய கிளார்க், 1954ஆம் ஆண்டு டிசெம்பரில் கப்பலேறினார். வழியிலே கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் அரைநாள் தங்கியது. அவ்வரைநாளில், நம் நாட்டுக் கடலுயிர்களை நன்கறிந்த விலங்கியலாளரும் சிறந்த சுழியோடியுமாகிய றொட்னி ஜொங்கிளாஸைச் சந்தித்தார். இலங்கைக் கடலின் வளத்தை அவர்வாயிலாக அறிந்தார். அவுஸ்திரேலியப் பணி முடிந்ததும் 1956இல் வில்சனுடன் இங்கு வந்தார்.

சில திங்கள் தங்கிச் சுழியோடி மகிழ்ந்து, நூலொன்று எழுதிக்கொண்டு திரும்புவதே அவர் கருத்து. ஆனால் வந்தவர் இங்கேயே வீடு கொண்டார். அவ்விடுமுறை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. இலண்டனிலும் நியூயோர்க்கிலும் புகழோடு வாழ்ந்திருக்கக்கூடிய ஒருவரை நம் கடல் பிடித்து வைத்துக்கொண்டது என்றால் மிகையாகாது.

கோணமலையின் அடியில்

அவர் நம் நெஞ்சில் இடம்பெறுவதற்குக் காரணமான செயல் இனி வருவது. கோணமலை உச்சியிலும் சரிவிலும் பெருங்கோயில் விளங்கிய காலம் ஒன்றிருந்தது. ஏழாம் நூற்றாண்டிலே சம்பந்தப் பெருமான் பாடிய தலம் அது. ஆயிரம் தூண் கோயில் என்று ஐரோப்பியரும் வியந்தனர். 1622ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா அக்கோயிலைக் கொள்ளையிட்டு இடித்தான். பெயர்த்த கற்களிற் பல கோட்டைச் சுவராயின. பாண்டியரின் இரட்டைக் கயல் பொறித்த கல் கோட்டை வாயிலிலே இன்றும் காணப்படுகின்றது. எஞ்சியவை மலையிலிருந்து உருண்டு கடலுள் வீழ்ந்தன. கோயில் இல்லாத வெறும் மலை முகட்டில் நின்று கடலை நோக்கிக் கற்பூரம் காட்டி வழிபட்ட தலைமுறைகள் பல.

கிளார்க்கும் வில்சனும் 1956இல் அம்மலையடிக் கடலுள் இறங்கினர். கடல் அமைதியான நாளிலன்றி அங்கே இறங்குதல் இயலாது. அலை சுழியோடியைப் பாறையிலே மோதிவிடும். இறங்கியவர்கள் பாறைகளுக்கிடையே நேர்க்கோடாகச் செதுக்கிய கற்பாளங்களைக் கண்டனர். பூவேலைப்பாடமைந்த தூண்களைக் கண்டனர். இயற்கை நேர்க்கோடு வரைவதில்லை, சதுரம் செதுக்குவதில்லை. மேலே பவளமும் பாசியும் மூடியிருப்பினும், அவை மனிதன் உளி பட்ட கற்கள் என்பது அவர்களுக்கு ஐயமறத் தெளிந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கடல் காத்துவந்த கோயிற் கற்கள் அவை. வில்சன் அவற்றைப் படம் பிடித்தார். கிளார்க் 1957இல் தாம் வெளியிட்ட, தப்ரபேனின் பவளப் பாறைகள் எனப் பொருள்படும் பெயருடைய நூலில் அக்காட்சியை உலகறிய எழுதினார். தப்ரபேன் என்பது பண்டைக் கிரேக்கர் நம் தீவுக்கு இட்ட பெயர்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1950இல், திருகோணமலையிற் கிணறு தோண்டியபொழுது சோழர் காலச் செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. நிலம் தன்னிடமிருந்ததைத் தந்தது. பின்னர்க் கடலும் தந்தது. வில்சன் கடலடியிலிருந்து கண்டெடுத்த சிவலிங்கமும் கோணேசர் கோயிலைச் சேர்ந்தது. திருகோணமலை மக்களின் பெருமுயற்சியால் எழுந்த புதிய கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நிகழ்ந்தது.

விந்தை அதனோடு நின்றதன்று. விளையாட்டும் வீரமுமாய்த் திரிந்த வில்சன் நாளடைவிலே கதிர்காமத்து முருகனுக்கு அடிமை பூண்டு, சுவாமி சிவகல்கி என்னும் பெயருடன் துறவியாய் வாழ்ந்து 1995இல் மறைந்தார். கிளார்க்கோ இறுதிவரை எச்சமயத்தையும் தழுவவில்லை. ஒரே கடலுள், ஒரே கற்களைக் கண்ட இருவருள் ஒருவர் கடவுளிடம் சென்றார், மற்றவர் கேள்வியோடு நின்றார். இருவர்க்கும் நாம் கடமைப்பட்டுள்ளோம்.

இராவணன் கோட்டையில் வெள்ளி

தென்கிழக்குக் கரையில் கிரிந்தவுக்கு அப்பால், கடல் நடுவே பாறைத்தொடர் ஒன்றுண்டு. சிங்கள மக்கள் அதனைப் பெரிய இராவணன் கோட்டை என்று பொருள்படும் பெயரால் வழங்குவர். பாறைமேல் கலங்கரை விளக்கம் நிற்கின்றது. ஆண்டில் சில வாரங்களே அங்கு கடல் தணிந்திருக்கும். 1961 மார்ச்சில் வில்சன், அமெரிக்கச் சிறுவர் இருவரை அழைத்துக்கொண்டு படம் எடுப்பதற்காக அங்கே சென்றார். திரும்பியபொழுது அவர்கள் கொண்டுவந்தவை வெள்ளி நாணயங்களும் சிறு பீரங்கிகளும். முகலாயப் பேரரசன் ஔரங்கசீப் காலத்தில், சூரத்து நகர நாணயசாலையில் அடித்த வெள்ளி ரூபாய்கள் அவை. அவற்றிற் பொறித்திருந்த ஹிஜ்ரி 1113 நம் கணக்கில் 1702ஐ ஒட்டியது. பையில் இட்டுக் கட்டிய நாணயங்கள், பை மட்கிப்போன பின்னும், பையின் வடிவிலேயே ஒன்றோடொன்று இறுகிக் கட்டியாய்க் கிடந்தனவாம். எந்தக் கப்பல், யார் செல்வம், எத்தனை உயிர்கள் மாண்டன என்பவற்றைக் கடல் சொல்லவில்லை. இவ்வரலாற்றைக் கிளார்க் 1964இல் தனி நூலாக எழுதினார்.

நோயும் நெஞ்சுரமும்

1962இல் கிளார்க்கைக் கொடுநோய் பற்றியது. கைகால்கள் முடங்கின. மூச்சுவிடவும் வருந்தினார். சில திங்கள் படுக்கையிற் கிடந்தார். கழுத்தெலும்பிற் பட்ட அடியே காரணம் என முதலிற் கருதினர். பின்னாளில் இளம்பிள்ளை வாதத்தின் விளைவு என மருத்துவர் துணிந்தனர். நாற்பத்துநான்கு வயதிலே, புகழின் நடுவே, ஒரு பேனாவையும் தூக்க இயலாத நிலை.

அவர் மனம் முடங்கவில்லை. சிறிது சிறிதாக எழுந்தார். மறு ஆண்டிலேயே பாறைத்தொடருக்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவோடு தாமும் புறப்பட்டார். பின்னர் 1980ஆம் ஆண்டுகளில் அந்நோயின் பின்விளைவு மீண்டும் தோன்றியது. இறுதிக் காலத்தைச் சக்கர நாற்காலியிலேயே கழித்தார். ஆயினும் தரையிலே தாம் ஊனமுற்றவர், நீருள் இறங்கினால் குறைவற்றவர் என்று நகைத்துக் கூறுவது அவர் வழக்கம். எடையற்ற நிலையை அறிய விரும்பிக் கடலுக்குச் சென்றவர்க்கு, உடல் சுமையான காலத்திலே அக்கடலே சுமைதாங்கியாயிற்று. இதனை எண்ணும்போதெல்லாம் எம் உள்ளம் நெகிழ்கின்றது. எம் வகுப்பிலும் நடக்க இயலாத பிள்ளைகளைக் கண்டிருக்கின்றோம். அவர்க்குரிய நீர் எதுவென்று கண்டுபிடித்துக் கொடுப்பதே ஆசிரியன் கடமை என்பதை இப்பெரியார் வரலாறு எமக்குக் கற்பித்தது.

விடுமுறைக் கடலும் அதன் விலையும்

கிளார்க் தம் தோழர்களோடு சேர்ந்து, அயல்நாட்டவரை நம் கடலுள் அழைத்துச் செல்லும் சுழியோடி நிறுவனம் ஒன்றையும் நடத்தினார். பிற்காலத்தில் அதனை ஹெக்டர் ஏக்கநாயக்கா பேணினார். ஹிக்கடுவவில் அதன் நிலையம் இருந்தது. 1962இல் வில்சன் இயக்கிய, வண்ணத்தில் வெளிவந்த முதலாவது முழுநீளச் சிங்களத் திரைப்படமாகிய ரன்முத்து தூவ, திருகோணமலைக் கடலின் அடியழகைப் பாமர மக்களும் காணச்செய்தது. வெயில் காயும் தீவிலே, பவளப் பாறைகளுக்கிடையே விடுமுறை கழித்தல் இன்று உலகெங்கும் பெருந்தொழிலாகிவிட்டது. மாலைதீவு அதனாலேயே செழித்தது. நம் நாட்டுக் கரையோர இளைஞர் பலர்க்கும் அது சோறு தருகின்றது.

ஆயினும் அச்சோற்றின் விலையையும் கூறல் வேண்டும். பவளம் கல்லன்று. கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய நகரம். அவ்வுயிர்களின் உடலுள் வாழும் நுண்பாசிகளே அவற்றுக்கு உணவும் நிறமும் அளிப்பவை. கடல்நீர் அளவுகடந்து வெம்மையுற்றால் அப்பாசிகள் நீங்கிவிடும். பவளம் வெளிறிப் பட்டினியால் மடியும். 1998இல் இந்துமாகடல் வெம்மையுற்றபொழுது ஹிக்கடுவவின் பவளத்திற் பெரும்பகுதி இவ்வாறே அழிந்தது. சுண்ணாம்புக்காகப் பவளத்தைத் தோண்டி எரித்த கொடுமை அதற்கு முன்பே நம்மவர் கையால் நிகழ்ந்தது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது நற்செயல். ஆனால் பவளத்தின்மேற் காலூன்றி நின்று படம் எடுப்பவனைச் சட்டம் மட்டும் திருத்திவிடாது.

இவ்விடத்தும் கிளார்க் வழிகாட்டியாகின்றார். ஈட்டியெறிந்து மீன் குத்துதலே வீரம் எனச் சுழியோடிகள் எண்ணிய காலத்தில், அவர் விரும்பிய கருவி படப்பெட்டி. கண்டு, படமெடுத்து, எழுதி, அங்கங்கே விட்டு வருதலே அவர் முறை. அவர் எழுதிய கடற்கதை ஒன்றில், வருங்காலத்து மனிதர் திமிங்கிலங்களை மந்தையாக மேய்த்து ஊனுக்காகக் கொல்கின்றனர். அக்கொலையை நிறுத்தச் சொல்பவர் நம் நாட்டுப் பௌத்த மகாதேரர். கொல்லாமையின் சிறப்பைக் கூறும் குரல் இலங்கையிலிருந்து எழுவதாக அவர் அமைத்தமை நாம் பெருமையுறத்தக்கது.

சீகிரியாவும் விண்ணேணியும்

எம் மாத்தளை மாவட்டத்துக்கும் அவர் பெருமை சேர்த்தார். கலேவெலவிலிருந்து தம்புள்ளை கடந்து சிறிது தூரம் சென்றால் சீகிரியாக் குன்று தோன்றும். ஐந்தாம் நூற்றாண்டிலே காசியப்பன் அதன் உச்சியில் அரண்மனை கட்டினான். விண்ணைத் தொட முனைந்த அவ்வரசனின் வேட்கையையும், நிலத்திலிருந்து 36,000 கிலோமீற்றருக்கு விண்வரை ஏணி அமைக்க முனையும் வருங்காலப் பொறியியலாளனின் வேட்கையையும் இணைத்து, 1979இல் அவர் ஒரு நாவல் எழுதினார். சீகிரியாவும் சிவனொளிபாதமலையும் வேறு பெயர்களில் அந்நாவலில் வருகின்றன. கதைக்கு வேண்டியவாறு நம் தீவையே நிலநடுக்கோட்டுக்கு நகர்த்தியும் விட்டார். அந்நூல் ஹியூகோ, நெபியூலா என்னும் இரு பெரும் பரிசில்களையும் பெற்றது. அதற்கு முன் ஸ்ரான்லி குப்ரிக்குடன் சேர்ந்து அவர் உருவாக்கிய, 2001ஆம் ஆண்டினைத் தலைப்பாகக் கொண்ட விண்வெளித் திரைப்படம் 1968இல் வெளிவந்து உலகப் புகழ் ஈட்டியிருந்தது.

1975இல் இந்தியா செய்மதி வழியாகத் தன் சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி அனுப்பிச் சோதித்தபொழுது, இந்தியப் பொறியியலாளர் கொழும்பில் அவர் இல்லத்திலும் வாங்கி ஒன்றை நிறுவிக் கொடுத்தனர். இலங்கையிலே தொலைக்காட்சி நிலையம் தோன்றியது 1979இல். அதற்கு நான்காண்டு முன்னரே, தாம் 1945இற் கண்ட கனவின் பயனைத் தம் வீட்டிலிருந்தே அவர் கண்டு களித்தார். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக 1979 முதல் 2002 வரை விளங்கினார். அவர் பெயரால் அமைந்த தொழில்நுட்ப நிறுவனம் இன்றும் மொறட்டுவையில் இயங்குகின்றது. பிரித்தானிய அரசின் சேர் பட்டம் 2000இல் கொழும்பிலேயே அவருக்குச் சூட்டப்பட்டது. 2005இல் நம் நாட்டின் மிகவுயர்ந்த விருதாகிய ஸ்ரீலங்காபிமான்ய அளிக்கப்பட்டது.

இறுதி நாட்கள்

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை ஹிக்கடுவவிலிருந்த அவர் சுழியோடி நிலையத்தையும் அழித்தது. 1883இல் கிரக்கற்றோவா எரிமலை வெடித்தபொழுது கடல் பொங்கிக் காலித் துறைமுகத்தை அடைந்த செய்தியைத் தம் முதல் இலங்கை நூலிலேயே அவர் எழுதியிருந்தார். கடலின் அழகை எழுதியவர் அதன் சீற்றத்தையும் மறந்தவரல்லர்.

2007 டிசெம்பரில், தொண்ணூறாவது பிறந்தநாளிலே, தமக்கு மூன்று ஆசைகள் உண்டென்று உலகுக்கு அறிவித்தார். வேற்றுலகில் உயிருண்டு என்பதற்குச் சான்று கிட்டவேண்டும் என்பது ஒன்று. எண்ணெயை நம்பியிராமல் தூய ஆற்றலை மனிதகுலம் பெறவேண்டும் என்பது மற்றொன்று. தாம் தாயகமாகக் கொண்ட இலங்கையிலே நிலையான சமாதானம் மலரவேண்டும் என்பது மூன்றாவது. விண்ணையும் மண்ணையும் அளாவிய ஆசைகளோடு நம் நாட்டின் துயரையும் சேர்த்து வைத்து எண்ணிய நெஞ்சம் அது. மூன்று திங்களின் பின், 2008 மார்ச் 19ஆம் நாள், கொழும்பிற் காலமானார். சமயச் சடங்கு எதுவும் கூடாதென்று அவர் விதித்தவாறே பொறளைப் பொதுமயானத்தில் அடக்கம் நிகழ்ந்தது. போர் முடிந்தது 2009 மே மாதத்தில். அதனைக் காண அவர் இருக்கவில்லை. துப்பாக்கி ஓசை ஓய்தலும் சமாதானம் மலர்தலும் ஒன்றல்ல என்பதை அவரும் அறிந்திருந்தார், நாமும் அறிவோம். அம்மூன்றாம் ஆசையை நிறைவேற்றும் கடன் இன்று கல்லூரிகளிற் பயிலும் இளைஞர் தோள்மேல் உள்ளது.

மாணவர்க்கு ஒரு சொல்

கோணமலைக் கற்களைப் பற்றி நாம் பாடினோம், பேசினோம், புலம்பினோம். அவற்றைப் பார்க்க இறங்கவில்லை. எங்கோ பிறந்து, நம் மொழியறியாது, நம் தெய்வத்தை வணங்காது வந்த ஒருவர் இறங்கிப் பார்த்தார். பக்தி நம்மிடம் இருந்தது, வினா அவரிடம் இருந்தது. இரண்டும் ஒருவரிடத்தே கூடியிருந்தால் எத்துணைப் பயன் விளைந்திருக்கும்! நம் முன்னோர் முத்துக்காகக் கடலுள் மூழ்கினர். அவர் வழிவந்த நம் மாணவர் அறிவுக்காக மூழ்குதல் ஆகாதோ? கடலகழ்வாராய்ச்சி, கடலுயிரியல், பொறியியல் எனத் துறைகள் பல காத்திருக்கின்றன. கோணமலைக் கடலிலும் மாந்தைத் துறையிலும் இன்னும் ஆராயப்படாதன எத்தனையோ உள.

அன்று எம்மிடம் வினாவிய மாணவனுக்கு நாம் சில கிழமைகள் கழித்து வகுப்பிலே விடை கூறினோம். கேட்டு முடித்த அவன், தான் நீந்தப் பழகப்போவதாகச் சொன்னான். தேவஹுவ குளத்திலே தொடங்கினான் என்று பின்னர் அறிந்தோம். குளத்திலே தொடங்கியவன் கடலுக்குச் செல்வான் என்று நம்புகின்றோம்.

வினாவத் துணிந்த பிள்ளைகளையும், விடை தெரியாதபொழுது தெரியாது என்று ஒப்பி விடை தேடும் ஆசிரியரையும் ஆக்குவதே நற்கல்லூரியின் பணி. நமது கல்லூரி அப்பணியை நமக்குச் செய்தது. இனி வரும் தலைமுறைக்கும் செய்க. கல்லூரி அன்னை நீடு வாழ்க.